எண் இல்லாமல் ஓடியவர்கள்

காம்ரேட்ஸ் மாரத்தான் பெயரில் மட்டும்தான் மாரத்தான். 42 கிலோமீட்டரோடு அது நிற்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கும் உள்நாட்டு மலைநகரமான பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கடற்கரையிலிருந்து மேலே ஓடினால் ஏற்ற ஓட்டம், அங்கிருந்து கீழே வந்தால் இறக்க ஓட்டம். பொதுவாக ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறி வரும். கெடு 12 மணி நேரம். கெடுவுக்கு ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது, முடித்தவர் பட்டியலில் பெயரும் வராது. 2024 ஜூன் 9 அன்று நடந்தது ஏற்ற ஓட்டம், 85.91 கிலோமீட்டர். அதில் கடைசிக் கூட்டத்தில் ஓடியவள் நான்.

கோவையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாற்பதுக்கு மேல் ஓட ஆரம்பித்தவள். மருதமலைச் சாலையிலும், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளிலும் பழகிய கால்கள். விடுப்புக் கடிதம் கொடுத்தபோது பக்கத்து மேசைப் பெண், "ஏனுங்க்கா, காசும் குடுத்து கஷ்டமும் படோணுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த ஓட்டத்தின் பழங்கதையைப் படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகு வேறு கேள்விகள் வந்தன.

இதைத் தொடங்கியவர் விக் கிளாபம். 1886ல் லண்டனில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா வந்து, ரயில் ஓட்டுநரானவர். முதல் உலகப் போரில் 8வது தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கா போனார். ஜெர்மன் தளபதி ஃபான் லெட்டோவ்-ஃபோர்பெக்கின் படையைத் துரத்திக்கொண்டு வெயிலிலும் சேற்றிலும் 2,700 கிலோமீட்டர் நடை. குண்டில் போனவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் போனவர்கள் அதிகம். உயிரோடு திரும்பிய கிளாபம், செத்தவர்களுக்குக் கல்லில் நினைவுச் சின்னம் போதாது என்று நினைத்தார். அவர்கள் பட்ட பாட்டில் கொஞ்சத்தையாவது உயிரோடிருப்பவர்கள் பட்டுப் பார்க்கவேண்டும். நேற்றுவரை மேசையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மூட்டை சுமந்து அவ்வளவு தூரம் நடந்தான் என்றால், பயிற்சி எடுத்தவன் இரண்டு ஊருக்கு நடுவே ஓடமுடியாதா? இதுதான் அவர் வாதம்.

முன்னாள் படைவீரர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு தாங்காது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுபடி மறுபடி போய் நின்றார். கடைசியில் 1921ல் அனுமதியும், செலவுக்குத் திருப்பித் தரவேண்டிய ஒரு பவுண்டும் கிடைத்தன. சங்கத்தின் பெயரிலிருந்த 'காம்ரேட்ஸ்' என்ற சொல்லே ஓட்டத்துக்கும் பெயராயிற்று.

அந்தப் போரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதே கிழக்கு ஆப்பிரிக்காவில், 1914 நவம்பரில், டாங்கா துறைமுகத்தில் இந்தியாவிலிருந்து போன படை கரையிறங்கியது. அதில் 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி இருந்தது. சென்னை மாகாணத்தின் 61வது பயனியர் படையும் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்த ஆட்களை நேராகப் புதர்க்காட்டில் இறக்கி விட்டார்கள். மூன்று நாளில் படுதோல்வி. பழியில் பெரும்பங்கு சிப்பாய்கள் தலையில் விழுந்தது. போர் முழுக்கப் படைகளுக்குச் சாப்பாடும் தோட்டாவும் சுமந்த ஆப்பிரிக்கச் சுமைகூலிகள் பல லட்சம் பேர். பிரிட்டிஷ் பக்கத்தில் மட்டும் செத்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும். கிளாபம் நடந்த அதே நடையை, தலையில் சுமையோடு நடந்தவர்கள் அவர்கள். ஆனால் நினைவோட்டத்தின் முதல் வரிசையில் நிற்க அவர்கள் இனத்தாருக்கு இடமில்லை.

1921 மே 24, பிரிட்டிஷ் பேரரசு தினம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்துக்கு முன்னால் 34 பேர் நின்றார்கள். எல்லோரும் வெள்ளையர், எல்லோரும் ஆண்கள். பெரும்பகுதி மண் சாலை. டர்பனுக்கு வந்து சேர்ந்தவர்கள் 16 பேர். பில் ரோவன் 8 மணி 59 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். இந்த ஓட்டத்தில் வென்ற ஆண்களிலேயே மிக மெதுவான நேரம் அதுதான். என் மாதிரி ஆட்களுக்கு அதுவும் எட்டாத உயரம்.

அடுத்த ஆண்டு முதல் ஏற்ற ஓட்டம். வென்றவர் ஆர்தர் நியூட்டன், ஹார்டிங் பக்கத்து விவசாயி, வயது 39. அவர் ஓட வந்த காரணம் விசித்திரமானது. அவர் பண்ணை இருந்த பகுதியைக் கறுப்பர்களுக்கு என்று அரசாங்கம் ஒதுக்கியதில் அவருக்கு நஷ்டம். மனுப் போட்டுப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை. பெயர் பெற்றால் பேச்சு எடுபடும் என்று ஓட ஆரம்பித்தார். பெயர் வந்தது, ஐந்து முறை வென்றார். நிலத்துக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. மெதுவாக, தினமும், நீண்ட தூரம் ஓடிப் பழகவேண்டும் என்று இன்று எங்கள் குழுவில் சொல்லித்தருகிறார்களே, அதைச் செய்து காட்டிய முன்னோடி அவர். பாதி வழியில், டிரம்மண்டுக்குப் பக்கத்தில், சாலையோர மண்மேட்டில் அவர் உட்கார்ந்து இளைப்பாறியதாகச் சொல்லும் ஒரு குழிவு இருக்கிறது. அதைத் தாண்டுகிறவர்கள் ஒரு பூவைப் போட்டுவிட்டு, "குட் மார்னிங், ஆர்தர்" என்று சொல்லவேண்டும். சொன்னால் இரண்டாம் பாதி நன்றாகப் போகும் என்று நம்பிக்கை. நானும் சாலையோரப் புல்பூ ஒன்றைப் பறித்துப் போட்டேன். நிலத் தகராறுக்காக ஓடியவருக்கு வணக்கம் வைப்பதில் கொங்கு நாட்டுக்காரிக்கு என்ன தயக்கம்?

நியூட்டன் வென்ற 1923 ஓட்டத்தில் இன்னொருவரும் ஓடினார். பிரான்சிஸ் ஹேவர்டு. பெண் என்பதால் அவர் விண்ணப்பத்தை வாங்கவில்லை. எண் இல்லாமலே ஓடினார். 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். அன்றைய கெடுவும் 12 மணிதான்; ஆகவே கெடுவுக்குள் முடித்தவர் அவர். பதக்கம் கொடுக்கவில்லை. வேடிக்கை பார்த்த சனங்களும் உடன் ஓடியவர்களும் பணம் சேர்த்து வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களும் ஒரு ரோஜாக் கிண்ணமும் வாங்கிக் கொடுத்தார்கள். அமைப்பு மறுத்ததைத் தெரு கொடுத்தது. 1931 முதல் 1933 வரை பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளி ஆசிரியை ஜெரால்டின் வாட்சன் மூன்று முறை இப்படியே எண் இல்லாமல் ஓடினார். 1935ல் ராபர்ட் ம்ட்ஷாலி ஓடினார்; முடித்ததாகப் பதிவான முதல் கறுப்பர். 9 மணி 30 நிமிடம். அவர் பெயரும் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேரவில்லை.

இவர்களுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் இந்த நிலை மாறவில்லை. யோசித்துப் பாருங்கள்: ஓட்டம் போகிற சாலை பொதுச்சாலை. அதில் கறுப்பர் நடக்கலாம், சுமை தூக்கலாம், ஓட்டக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கலாம். எண் குத்திக்கொண்டு ஓடத்தான் கூடாது. 1975ல், ஐம்பதாவது ஓட்டத்தில்தான், எல்லா இனத்தாருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. லெசோத்தோவைச் சேர்ந்த வின்சென்ட் ரகபெய்லே 20வதாக வந்து, அதிகாரப்பூர்வப் பதக்கம் வாங்கிய முதல் கறுப்பரானார். எலிசபெத் கவானா பெண்களில் முதலாவது. கறுப்பர் ஒருவர் ஓட்டத்தையே வெல்ல 1989 ஆயிற்று: சாம் சபலாலா.

ஓட்டம் நடக்கும் தேதியைப் பார்த்தாலே நாட்டின் சரித்திரம் தெரிந்துவிடும். முதலில் பேரரசு தினம். பிறகு மே 31, வெள்ளையர் ஆட்சியின் குடியரசு தினம். 1981ல் குடியரசின் 20வது ஆண்டு விழாவோடு ஓட்டத்தைச் சேர்த்தபோது பலர் புறக்கணித்தார்கள். புரூஸ் ஃபோர்டைஸ் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓடினார். தக்காளி வீசினார்கள். வீசட்டும் என்று ஓடி, வென்றார். அதோடு சேர்த்து மொத்தம் ஒன்பது வெற்றி. நிறவெறி ஆட்சி போனபின் 1995ல் ஜூன் 16க்கு மாறியது. 1976 சொவெட்டோ மாணவர் எழுச்சியின் நாள். அதுவும் மாறி, இப்போது ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இனி சாலைக்கு வருகிறேன். விடியுமுன் டர்பன் நகர மண்டபத்தின் முன் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கிறோம். முதலில் தேசிய கீதம். அடுத்து 'ஷோஷோலோஸா' என்ற கூலிக்காரர் பாட்டு; தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் பாடுகிறார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு சேவல் கூவும். 1948ல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்பவர் பதற்றம் தாங்காமல் தொடக்கக் கோட்டில் சேவல் மாதிரி கூவினார். சிரித்தவர்கள் அடுத்தடுத்த ஆண்டும் கூவச் சொன்னார்கள். அவர் குரலைப் பதிவு செய்து இன்றும் போடுகிறார்கள். அதன்பின் துப்பாக்கி. கூட்டத்தின் வாலில் நின்ற எனக்குத் தொடக்கக் கோட்டைத் தாண்டவே சில நிமிடங்கள் பிடித்தன. அந்த நிமிடங்களும் கணக்கில் போய்விடும்; கெடு துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து.

இருட்டில் நகரை விட்டு ஏறும்போது ஒரு பக்கம் கேட்டோ மேனர். ஒப்பந்தக் கூலி முடிந்த நம் ஆட்கள் காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் கட்டிக் குடியிருந்த பூமி அது. 1950ன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களையும் கறுப்பர்களையும் அங்கிருந்து பெயர்த்து வெவ்வேறு திசைகளில் கொண்டுபோய்ப் போட்டது. நம் ஆட்கள் இங்கே வந்த கதை இது: 1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' கப்பல் 342 பேரோடு சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள், வட ஆற்காடுப் பக்கத்தவர் நிறைய. பைன்டவுன் தாண்டி ஒரு கூடாரத்தில் குடும்பமாக இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர் என் சட்டையிலிருந்த இந்தியக் கொடியைப் பார்த்து, "வணக்கம் ஆன்ட்டி, கம் ஆன்!" என்றார். வணக்கத்துக்கு மேல் அவருக்குத் தமிழ் இல்லை. எனக்கு அப்போது மூச்சு இல்லை. கைகூப்பிவிட்டு ஓடினேன்.

ஐந்து பெரிய ஏற்றங்கள் என்று கணக்கு: கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ். பெயர் இல்லாத ஏற்றங்களை யாரும் எண்ணுவதில்லை; காலுக்கு மட்டும் அந்த எண்ணிக்கை தெரியும். தண்ணீர் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் வரும். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் பீய்ச்சிக்கொள்ளவேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தோய்த்துக் கொடுத்தார்கள். எனர்ஜி ஜெல் என்கிற இனிப்புக் குழம்பை விழுங்கி விழுங்கி ஓய்ந்த வாய்க்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. இஞ்சாங்கா பக்கத்தில் எத்தெம்பெனி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியிலும், சாலையோரம் வரிசையாகக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையையும் தொட்டுவிட்டுத்தான் போனேன். நேரம் போனது. போகட்டும் என்றிருந்தது.

அதற்கப்புறம் கேட்டோ ரிட்ஜ் வரை பொட்டல். உச்சி வெயில். காற்றில் திடீரென்று கோழிப்பண்ணை வாடை. சுற்றி ஓடியவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பல்லடத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது ஊர் வாசனை! கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடினேன். காம்பர்டவுனுக்கு அப்புறம் சாலையோரம் கரும்பு. பாதையிலேயே உயரமான இடம் அம்லாஸ் ரோடு. அங்கே வந்ததும் இனி இறக்கம்தான் என்று மனசு நம்பும், நம்பக்கூடாது.

அங்கே ஒரு 'பஸ்' என்னை ஏற்றிக்கொண்டது. கொடி பிடித்த ஒருவர் முன்னே ஓட, ஐம்பது அறுபது பேர் அவரை ஒட்டி ஒரே தாளத்தில் ஓடுவதுதான் 'பஸ்'; கொடி பிடித்தவர்தான் டிரைவர். எத்தனை அடி ஓடவேண்டும், எத்தனை அடி நடக்கவேண்டும் என்று அவர் குரல் கொடுப்பார், கூட்டம் பாட்டாகவே திருப்பிச் சொல்லும். ஜூலு மொழிப் பாட்டு. யோசிக்கிற வேலை எனக்கு மிச்சமாயிற்று. பாலி ஷார்ட்ஸ் ஏற்றம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான், மருதமலையைப் பார்த்தவர்களுக்குச் சாதாரணம். ஆனால் அது வருவது 75 கிலோமீட்டருக்குப் பிறகு. பஸ் முழுக்க நடந்துதான் ஏறியது. எனக்கு முன்னால் ஒருவர் சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு நின்றார். இரண்டு பேர் பேசாமல் போய் ஆளுக்கொரு கையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பெயர், நன்றி, அறிமுகம் எதுவும் இல்லை.

ஓட்டம் முடிகிற இடம் ஸ்காட்ஸ்வில் குதிரைப் பந்தய மைதானம். பொழுது சாய்ந்து விளக்குப் போட்டுவிட்டார்கள். கெடுவுக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது நாங்கள் உள்ளே நுழைந்தோம். முடித்தவர்கள் உடனே வெளியே போய்விடுவதில்லை. கடைசிக் காட்சியைப் பார்க்கத் திரும்பி நிற்பார்கள். துப்பாக்கி பிடித்த அதிகாரி ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், முகத்தைப் பார்த்தால் கை கூசும் என்பதற்காக. 12 மணி ஆனதும் வெடி. கோட்டைத் தொட இரண்டடி இருந்த ஒருவரும் வெளியே நிறுத்தப்பட்டார். 86 கிலோமீட்டர் ஓடியும் கணக்கில் இல்லை. இது கொடுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முதல் ஆளுக்கும் எனக்கும் ஒரே கடிகாரம். ஐந்து முறை வென்ற வாலி ஹேவர்டு 1989ல் தன் 80வது வயதில் ஓடி, அன்றைய 11 மணிக் கெடுவுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது வந்து சேர்ந்தார். அவருக்காகவும் துப்பாக்கி காத்திருந்திருக்காது. 1975க்கு முன்னால் சட்டம் ஆளைப் பார்த்தது. இந்தத் துப்பாக்கி ஆளைப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றல்ல.

மறுநாள் காலில் செருப்பு நுழையாத நிலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்கைச் சுற்றினேன். 1893ல் காந்தியை இறக்கிவிட்ட ரயில் நிலையத்துக்கு எல்லோரும் போகிறார்கள். நான் பர்கர் தெருவிலிருக்கும் பழைய சிறைக்கும் போனேன். 1913 சத்தியாக்கிரகத்தில் மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவலில் இருந்த தமிழ்ப் பெண்களில் தில்லையாடி வள்ளியம்மையும் ஒருவர். ஜோகன்னஸ்பர்கில் பிறந்த பெண். தில்லையாடி அம்மாவின் ஊர். சிறையிலேயே காய்ச்சலில் விழுந்து, வெளியே வந்தபின், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. இந்த ஊரில் ஓட்டம் தொடங்கியது அதற்கு ஏழு ஆண்டு கழித்து. கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ காம்ரேட்ஸ் ஓடப் போகிறவர்கள் இப்போது ஆண்டுதோறும் இருக்கிறார்கள். டர்பனிலிருந்து நேரே விமானம் ஏறிவிடாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் இருக்கும் பதக்கம் மிகச் சின்னது, பழைய எட்டணா அளவு. 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே வருகிறவர்களுக்கான செம்புப் பதக்கம், விக் கிளாபம் பெயரில். 9 மணிக்குள் முடித்தால் பில் ரோவன் பெயரில். 9க்கும் 10க்கும் நடுவே வந்தால், 2019 முதல், ராபர்ட் ம்ட்ஷாலி பெயரில்; அவருக்குக் கொடுக்காததை 84 ஆண்டு கழித்து மற்றவர்கள் கழுத்தில் போடுகிறார்கள். ஹேவர்டு பெயரிலும் ஒரு பதக்கம் உண்டு, ஆனால் அது வாலி ஹேவர்டு. 11 மணி 35 நிமிடத்தில் ஓடி முடித்த பிரான்சிஸ் ஹேவர்டு பெயரில் பதக்கம் எதுவும் இல்லை. கடைசி ஒரு மணி நேரத்துப் பதக்கத்தில் கிளாபம் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் பொறித்தே ஆகவேண்டும்.